கொலுசு போட்ட காக்காவும் இலவசப் படமும்!



ஒரு காக்கா காலில் கொலுசு போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள். ‘ஜல் ஜல்’ என்று சத்தம் கேட்டதுமே பாட்டி வடைத் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிடுவாள். பாவம், காக்கா பட்டினிதான்!

இது என் சொந்தக் கற்பனை இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் கற்பனை. கோடை விடுமுறையில் இந்தக் கதையை எழுதி, பக்கத்துக்கு ஒன்றாக 12 படங்கள் சேர்த்து, நூல் கோத்துத் தைத்து, பள்ளி நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கதை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. படம்தான் மக்கர் செய்தது.

‘‘ஆச்சி, நான் வரைஞ்சா காக்கா கோழி மாதிரி இருக்கு. கம்ப்யூட்டரே படம் வரைஞ்சு கொடுக்குமாமே! உங்க போன்ல ஒரு ஆப் இருக்கு, இலவசம்தான்’’ என்றாள்.

35 வருடம் சாக்கட்டி பிடித்த கை இது. வாயால் சொன்னால் படம் வரும் என்றால் எனக்கும் பார்க்க ஆசைதானே! ‘சரி’ என்றேன். மூன்று நாள் இலவசம், சரிபார்ப்புக்காக இரண்டு ரூபாய் மட்டும் கட்ட வேண்டும் என்று அந்த ஆப் கேட்டது. இரண்டு ரூபாய்தானே என்று நானே ரகசிய எண்ணைப் போட்டேன்.

நான்காம் நாள் வங்கிக் கணக்கில் இருந்து 499 ரூபாய் போயிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘‘என்னைக் கேட்காமல் எதை அமுக்கினாய்?’’ என்று பேத்தியைத் திட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் கதை நோட்டை மூடி வைத்துவிட்டாள். நான் அந்த ஆப்பை நீக்கிவிட்டு, ‘ஒழிந்தது சனியன்’ என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் 499 ரூபாய் போனது!

அப்புறம்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை ஒழுங்காகப் படித்தேன். பணம் எடுப்பதற்கு முந்தைய நாளே வங்கியில் இருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஏதோ விளம்பரம் என்று நான்தான் திறக்காமல் விட்டிருக்கிறேன். ‘இலவச நாள் முடிந்ததும் வாரம்தோறும் 499 ரூபாய் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற அனுமதிக்கும் அன்றைக்கு ரகசிய எண் போட்டவள் நான்தான். பேத்தி மேல் ஒரு தப்பும் இல்லை.

அவளிடம் போய், ‘‘தப்பு ஆச்சி மேலதான் கண்ணு’’ என்று சொன்னேன். டீச்சராக இருந்தவர்களுக்கு இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! ஆனாலும் சொன்னேன். பிறகு இருவரும் சேர்ந்து, இந்தப் படம் வரையும் ஏ.ஐ. பற்றி எதிர் வீட்டுப் பொறியியல் மாணவரிடம் கேட்டும், படித்தும், கணக்குப் போட்டும் தெரிந்துகொண்டோம். அந்தப் பாடத்தைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்களில் பலருக்கும் படக்கதை, வாழ்த்து அட்டை, விளையாட்டுச் சீட்டு என்று ஏதாவது செய்ய ஆசை இருக்கும் அல்லவா!

முதல் பாடம்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது!

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பை போனில் இருந்து அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. பேப்பர்காரர் போடும் நாளிதழைப் படிக்காமல் மூலையில் வைத்துவிட்டால் மாதக் கடைசியில் பில் வராமல் இருக்குமா? அதேதான்.

ஆன்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோருக்குள் ‘சந்தாக்கள்’ என்ற பகுதி இருக்கிறது. யு.பி.ஐ. மூலம் பணம் போகிறது என்றால் பணம் செலுத்தும் ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியையும் பார்க்க வேண்டும். இன்று மாலை அப்பா அம்மாவிடம் சொல்லி இந்த இரண்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். யாருக்கும் நினைவில்லாத பழைய சந்தா ஏதாவது அதில் உட்கார்ந்திருக்கலாம்!

இயந்திரம் எப்படிப் படம் வரைகிறது?

வானத்தில் மேகம் போகும்போது, ‘அதோ யானை! அதோ முயல்!’ என்று சொல்லி விளையாடி இருக்கிறீர்களா? இயந்திரம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

பழைய டி.வி.யில் நிகழ்ச்சி வராதபோது திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரியும். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு நல்ல படத்தின் மேல் அப்படிப்பட்ட புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே போனால், கடைசியில் படம் தெரியாமலே போய்விடும். எந்தப் புள்ளி தூவியது, எது படத்தினுடையது என்று கண்டுபிடிக்க இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒன்றிரண்டு படம் அல்ல, கோடிக்கணக்கான படங்களை வைத்து! கூடவே ஒவ்வொரு படத்துக்கும் என்ன பெயர், என்ன விளக்கம் என்பதையும் காட்டுகிறார்கள்.

பயிற்சி முடிந்த பிறகு, வெறும் புள்ளிகள் மட்டும் உள்ள ஒரு பலகையைக் கொடுத்து, ‘இதில் ஒரு காக்கா இருக்கிறது, கண்டுபிடி’ என்கிறோம். அது புள்ளிகளை நீக்கி நீக்கி, இல்லாத காக்காவைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது! இந்த முறைக்கு ‘டிஃப்யூஷன்’ என்று பெயர்.

விலை குறைந்தது எப்படி?

இவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முன்பெல்லாம் பெரிய நிறுவனங்களின் பெரிய கம்ப்யூட்டர்கள்தான் வேண்டும் என்ற நிலை இருந்தது. அதை மாற்றியது ஜெர்மனியில் மியூனிக் நகரப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி.

கணக்கு பிடிக்குமா? ஒரு தாள் எடுங்கள். அகலம் 512 புள்ளி, உயரம் 512 புள்ளி உள்ள ஒரு படம். பெருக்கினால் 2,62,144 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். மொத்தம் 7,86,432 எண்கள். அம்மாடி!

அத்தனை எண்களோடும் மல்லுக்கட்ட வேண்டாம், படத்தின் சாரத்தை மட்டும் சுருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் கோலத்தை நினைவில் வைப்பது எப்படி? கோலமாவின் ஒவ்வொரு துகளையுமா நினைவு வைக்கிறார்கள்? ‘நேர்ப்புள்ளி ஏழு, ஏழு வரிசை’ என்று சுருக்கமாக வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்ததும் விரித்துவிடுகிறார்கள் இல்லையா? அதைப் போலத்தான். சுருக்கிய பலகையில் 64 பெருக்கல் 64 பெருக்கல் 4, அதாவது 16,384 எண்கள்தான். முதல் எண்ணை இதனால் வகுத்துப் பாருங்கள். சரியாக 48 வரும். பலகை 48 மடங்கு சின்னதாகிவிட்டது!

இந்த முறையில் உருவான ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ என்ற படம் வரையும் மாதிரியை 2022ம் ஆண்டு ஆகஸ்ட் 22ம் தேதி, ஸ்டெபிலிட்டி ஏ.ஐ. என்ற நிறுவனம் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டது. அதன் கோப்பு அளவு சுமார் 4 ஜி.பி.தான். தினம் ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் போனில் மூன்று நாளில் இறக்கிவிடலாம்!

இறக்குவது சுலபம். உருவாக்குவது? அதற்குப் பயிற்சி கொடுக்க 256 உயர்தர கிராபிக்ஸ் கார்டுகளைப் பயன்படுத்தினார்கள். எல்லாக் கார்டுகளும் உழைத்த நேரத்தைக் கூட்டினால் 1,50,000 மணி நேரம். ஒரே ஒரு கார்டை வைத்து ஓட்டியிருந்தால் 17 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கும்! இந்தச் செலவை யாரோ ஒருவர் செய்துவிட்டதால்தான் நமக்குக் கோப்பு கையில் கிடைக்கிறது.

இலவசம் என்றால் யார் பணம் கொடுக்கிறார்கள்?

கோயில் திருவிழாவில் இலவச மோர் கொடுப்பார்கள். நமக்கு இலவசம்தான். ஆனால் தயிருக்கு உபயதாரர் ஒருவர் பணம் கொடுத்திருப்பார். படம் வரையும் தளங்களும் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் மின்சாரம் தின்கிறது. அந்தக் காசு யாருடையது என்று கேட்கப் பழகுங்கள். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, விளம்பரம். 2021ல் போரிஸ் டேமா என்பவரும் நண்பர்களும் ‘டால்-ஈ மினி’ என்ற சின்னப் படக் கருவியைச் செய்தார்கள். 2022ல் அதற்கு ‘கிரையான்’ என்று பெயர் மாறியது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வரையலாம், பக்கத்தில் விளம்பரம் வரும் என்பதுதான் அதன் ஏற்பாடு.

இரண்டு, காத்திருப்பு. 2023 மார்ச்சில் மைக்ரோசாப்ட் ‘பிங் இமேஜ் கிரியேட்டர்’ என்ற இலவசக் கருவியைக் கொண்டுவந்தபோது, ‘பூஸ்ட்’ என்று சில வேகப் புள்ளிகள் கொடுத்தது. புள்ளி இருந்தால் படம் சட்டென்று வரும். தீர்ந்துவிட்டால் வரிசையில் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடை வரிசை மாதிரி!

மூன்று, ருசி காட்டுதல். அல்வாக் கடையில் உள்ளங்கையில் ஒரு துண்டு வைப்பார்களே, அது. ‘மிட்ஜர்னி’ என்ற புகழ்பெற்ற தளம் 2022ல் புதியவர்களுக்குச் சுமார் 25 படங்கள் இலவசமாக வரைய விட்டது. 2023 மார்ச் கடைசியில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே இலவசம் என்பது நிரந்தரம் இல்லை. இன்று இருப்பது நாளை இல்லாமல் போகலாம். போன வருடம் அண்ணன் சொன்னதை நம்பாமல், இன்றைய விதியை இன்றே படிக்க வேண்டும்.

நான்கு, உங்கள் விவரங்கள். பெயர், பிறந்த தேதி, போனில் உள்ள படங்கள் எல்லாவற்றையும் ஓர் ஆப் கேட்கிறதா? காக்கா வரைய நம் வீட்டுப் புகைப்பட ஆல்பம் எதற்கு? இந்த விலைதான் எல்லாவற்றையும் விட அதிகம். காசு போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். வெளியே போன புகைப்படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

என்னைப் பிடித்துக்கொண்டது மூன்றாவது வகை. அல்வாத் துண்டைக் கொடுக்கும்போதே சட்டைப் பையிலும் கையை வைத்துக்கொண்டது!

சிக்கனமான வழிகள்

எதிர் வீட்டு மாணவர் எங்களுக்கு நான்கு வழிகளைச் சொன்னார்.

தினசரி இலவசத் தளங்கள்: தினமும் இத்தனை படம் என்று கிரெடிட் கொடுக்கும் தளங்கள். கொஞ்சமாக, நிதானமாக வரைபவர்களுக்கு இது போதும். வங்கி விவரம் எதுவும் கேட்காத தளமாகப் பார்த்துச் சேர வேண்டும்.

மாதச் சந்தா: நிறைய வரைபவர்களுக்கானது. மிட்ஜர்னியின் அடிப்படைச் சந்தா 2022ல் மாதம் 10 டாலர் என்று இருந்தது. சந்தா மலிவா, அதிகமா என்பது நீங்கள் எத்தனை படம் வரைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதம் 800 ரூபாய் கட்டி 400 படம் வரைந்தால் படம் ஒன்றுக்கு 2 ரூபாய். அதே 800 ரூபாய் கட்டி 10 படம் மட்டும் வரைந்தால் படம் ஒன்றுக்கு 80 ரூபாய்! அதற்கு நல்ல கலர் பென்சில் பெட்டியே வாங்கிவிடலாம்.

சொந்தக் கம்ப்யூட்டர்: வீட்டில் கேம் விளையாடுவதற்காக நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தால், நீங்கள் அதிர்ஷ்டசாலி. ‘ஃபூகஸ்’, ‘கம்ஃபியூஐ’ போன்ற இலவச மென்பொருள்களை அதில் நிறுவி, படம் வரையும் மாதிரியையும் இறக்கிக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே வரையலாம். கார்டின் நினைவகம் குறைந்தது 4 ஜி.பி. வேண்டும். 8 ஜி.பி. இருந்தால் சௌகரியம். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பிளக்ஸ் ஷ்னெல்’ என்ற மாதிரியையும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ‘ஷ்னெல்’ என்றால் ஜெர்மன் மொழியில் ‘வேகம்’ என்று பொருள். ஒன்று முதல் நான்கே படிகளில் படத்தை முடித்துவிடும். ஆனால் இது பெரிய மாதிரி, இதற்குக் கொஞ்சம் பெரிய கார்டு வேண்டும்.

மின்சாரச் செலவு எவ்வளவு ஆகும்? கம்ப்யூட்டர் 300 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 0.3 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 1 ரூபாய் 80 காசு. ஒரு படத்துக்கு 20 வினாடி என்றால் மணிக்கு 180 படம். அப்படியானால் ஒரு படத்தின் விலை ஒரே ஒரு காசு! ஆகா என்று துள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தால்தான் இந்தக் கணக்கு. காக்கா படத்துக்காகப் புதிதாக ஒரு கார்டு வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அப்பாவிடம் போய் அடம் பிடித்துவிட்டு ‘ஆச்சி சொன்னாங்க’ என்று என் பெயரை இழுக்காதீர்கள்!

ஊர் கூடித் தேர்: ‘ஏ.ஐ. ஹோர்ட்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உலகத்தின் பல மூலைகளில் உள்ள தன்னார்வலர்கள், தங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் அதை மற்றவர்களின் படங்களுக்காக ஓட விடுகிறார்கள். உதவி செய்பவர்களுக்கு ‘குடோஸ்’ என்ற புண்ணியப் புள்ளி கிடைக்கும். புள்ளி அதிகம் உள்ளவர்கள் வரிசையில் முன்னால் போகலாம். காசு கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் உங்கள் படம் உருவாகிறது என்பதால், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

முதலில் தேவை, அப்புறம் தேடல்

கடைக்குப் போகும் முன் மளிகைப் பட்டியல் எழுதுகிறோம் அல்லவா? அதேபோல் பேத்தியை ஒரு பட்டியல் எழுதச் சொன்னேன். புத்தகத்துக்கு 12 படம். ஒரு படம் சரியாக வர ஐந்து தடவையாவது முயல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 12 பெருக்கல் 5, மொத்தம் 60 முயற்சிகள். தினம் 15 படம் இலவசமாகக் கிடைத்தால்கூட நான்கே நாளில் வேலை முடிந்துவிடும்!

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இந்த வேலைக்குப் பைசாவே தேவைப்பட்டிருக்காது. நாங்கள் கொடுத்ததோ 998 ரூபாய். சரிபார்ப்புக்குக் கொடுத்த இரண்டையும் சேர்த்தால் முழுசாக ஆயிரம்! முன்கூட்டியே ஒரு பெருக்கல் கணக்குப் போடாததற்குக் கொடுத்த விலை அது.

முயற்சியை வீணாக்காமல் இருக்க

கிரெடிட் இலவசம் என்றாலும் எண்ணிக்கை உண்டு. அதனால் ஒவ்வொரு முயற்சியும் முக்கியம்.

யோசித்த பிறகே எழுதுங்கள். ‘காக்கா’ என்று மட்டும் கேட்டால் எந்தக் காக்காவோ வரும். யார், எங்கே, என்ன செய்கிறார், எந்த நேரம், எந்த வகைப் படம் என்று ஐந்து கேள்விக்கும் விடை எழுதுங்கள். ‘ஒரு காகம், ஓட்டு வீட்டுக் கூரையில், வடையைப் பார்க்கிறது, காலை நேரம், வண்ணப் பென்சில் ஓவியம்.’ இப்படிச் சொன்னால் இயந்திரத்துக்குப் புரியும்.

முதலில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு ஆங்கில விளக்கம் உள்ள படங்களை வைத்தே பெரும்பாலும் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் தமிழில் கேட்டால் அது விழித்தது. அத்தகைய மாதிரிகளிடம் எளிய ஆங்கில வாக்கியத்தில் கேளுங்கள். ஆங்கில வகுப்புக்கும் நல்ல பயிற்சி!

ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் படம் நன்றாக வந்தது என்று தெரியாது. அறிவியல் சோதனையிலும் இதே விதிதான்.

‘சீட்’ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சீட் என்றால் விதை. ஆரம்பப் புள்ளிகளை எப்படித் தூவுவது என்று சொல்லும் எண் இது. பல மென்பொருள்களில் இதைப் பார்க்கலாம். அதே விதை, அதே வாக்கியம், அதே அமைப்பு கொடுத்தால் அதே படம் மறுபடி கிடைக்கும். ஒரு நோட்டில் எழுதி வைத்தால் தேடித் தேடி கிரெடிட்டைச் செலவழிக்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னியைப் பயன்படுத்தி உருவாக்கிய ஒரு படம், 2022ல் கொலராடோ மாநிலப் பொருட்காட்சியின் டிஜிட்டல் ஓவியப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. அந்தப் படத்துக்காகக் குறைந்தது 624 தடவை வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதியதாக அவர் பின்னர் சொன்னார். ‘சட்டென்று வந்துவிடும்’ என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்!

மறக்கக் கூடாதவை

படம் வரையும் சேவைகள் பலவற்றில் 13 வயது ஆகாதவர்கள் கணக்குத் தொடங்க முடியாது. சிலவற்றில் 18 வயது ஆகியிருக்க வேண்டும். பொய் வயது போட்டு நுழையக் கூடாது. பெரியவர்களின் கணக்கில், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

உங்கள் முகம், நண்பர்களின் முகம், ஆசிரியரின் முகம் எதையும் கொடுத்து ‘மாற்றி வரை’ என்று கேட்காதீர்கள். விளையாட்டாகச் செய்தது ஒருவரை அழ வைத்துவிடும். ஒருவரின் படம் அவருடையது. அதைத் தொடும் உரிமை நமக்கு இல்லை.

உயிரோடு இருக்கும் ஓவியர்களின் பெயரைச் சொல்லி ‘அவரைப் போல வரை’ என்றும் கேட்க வேண்டாம். போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை 2022ல் பல்லாயிரக்கணக்கான முறை இப்படிப் பயன்படுத்தினார்கள். அவரைப் போல வரைந்த படங்களுக்கு நடுவில் தன் சொந்தப் படமே தொலைந்துவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். இயந்திரம் படித்த கோடிக்கணக்கான படங்களில் ஓவியர்களின் உழைப்பும் இருக்கிறது. எங்களைக் கேட்காமல் எடுத்தது தவறு என்று 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். நமக்குப் படம் ஒரு காசுக்குக் கிடைக்கிறது என்றால், அந்தக் கணக்கில் இவர்களுக்குச் சேர வேண்டியதும் விட்டுப் போயிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

இயந்திரம் வரைந்ததை ‘நான் வரைந்தேன்’ என்று போட்டிக்குக் கொடுக்காதீர்கள். 2023ல் சோனி உலகப் புகைப்படப் போட்டியில் ஜெர்மனியைச் சேர்ந்த போரிஸ் எல்டாக்சன் ஒரு பிரிவில் வென்றார். ‘இது ஏ.ஐ. உருவாக்கிய படம், புகைப்படம் அல்ல’ என்று தானே சொல்லிப் பரிசை மறுத்துவிட்டார். புகைப்படப் போட்டிகள் இதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் அனுப்பினாராம்.

காக்கா என்ன ஆனது?

பேத்தியின் அம்மா கணக்கில், ஒரு தினசரி இலவசத் தளத்தில் வேலையைத் தொடங்கினோம். நான்கு நாள் என்று போட்ட கணக்கு ஆறு நாள் ஆனது. ஓட்டு வீடு வந்தது. வடைச் சட்டி வந்தது. மாமரம் அழகாக வந்தது. ஆனால் கொலுசு மட்டும் வரவே இல்லை! ஒரு படத்தில் கொலுசு காக்காவின் கழுத்தில் தொங்கியது. ஒன்றில் காக்காவுக்கு மூன்று கால். இன்னொன்றில் கொலுசுக்குப் பதில் கைவிலங்கு மாதிரி ஏதோ மாட்டியிருந்தது. திருடன் காக்கா என்று முடிவு செய்துவிட்டதோ என்னவோ!

கடைசியில் பேத்தி என் பழைய வெள்ளிக் கொலுசை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டாள். பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வரைந்தாள். நான்கு தாளைக் கிழித்துப் போட்டாள். ஐந்தாவது தாளில் கொலுசு வந்துவிட்டது. காக்கா இன்னமும் கொஞ்சம் கோழி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதன் காலில் இருப்பது கொலுசுதான். கதையின் முக்கியமான மூன்று பக்கங்களில் அவள் வரைந்த காக்காவே இடம்பிடித்துவிட்டது. மற்ற ஒன்பதும் இயந்திரம் வரைந்தவை.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவள் இப்படி எழுதினாள்: ‘கதையும் மூன்று படங்களும் நான். ஒன்பது படங்கள் ஏ.ஐ. தைத்துக் கொடுத்தது ஆச்சி.’ பள்ளி திறந்ததும் நூலகத்துக்குக் கொண்டுபோனாள். புத்தகத்தைப் புரட்டிய சின்னப் பிள்ளைகள், ‘இந்தக் கோழி காக்கா யார் வரைஞ்சது?’ என்று அவளிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். ‘‘நான்தான்னு சொன்னேன் ஆச்சி’’ என்றாள். முகத்தில் அவ்வளவு பெருமை!

வீட்டுப் பாடம்!

டீச்சர் எழுதினால் வீட்டுப் பாடம் இல்லாமலா?

நீங்கள் செய்ய விரும்பும் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் அட்டையோ, படக்கதையோ எதுவானாலும் சரி. எத்தனை படம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை முயற்சி, தினம் எத்தனை இலவசம், ஆக எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள். அதில் எத்தனை படத்தை நீங்களே கையால் வரையலாம் என்றும் எழுதுங்கள். அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் காட்டிய பிறகுதான் எந்தத் தளத்தையும் திறக்க வேண்டும்.

‘இரண்டு ரூபாய் மட்டும்’ என்று எந்த ஆப்பாவது கேட்டால், பெரியவர்களைக் கூப்பிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்ட ஆச்சியாக இருந்தால் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

என்ன குழந்தைகளே, செய்வீர்கள்தானே?